பக்கத்து நாற்காலி

மார்ச் 3, திங்கள்

முதலில் ஒரு வெட்கக்கேட்டை எழுதித் தொலைத்துவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ‘நைட்டி உலகின் விடிவெள்ளியே, வேலு நைட்டீஸ் அதிபர் வேலுத்தாய் அவர்களே, வாழ்க’ என்று ஒரு ஃப்ளெக்ஸ் நிற்கிறது. கீழே, ‘இவண்: அன்புத் தங்கைகள்’. அதை வைத்தது நான்தான். எனக்குத் தங்கையே கிடையாது. போட்டோ என் முப்பத்தெட்டு வயசில் எடுத்தது. கழுத்தைக் கொஞ்சம் மெலிய வைத்துக் கொடு என்று ஃப்ளெக்ஸ் கடை பால்பாண்டியிடம் சொன்னேன். அவன் கழுத்தையே எடுத்துவிட்டான். தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கிறது.

வைக்கும்போது பால்பாண்டி ரொம்ப வருத்தப்பட்டான். “அக்கா, ரவுண்டானால வச்சா ஊரே பாக்கும். இந்தப் பிள்ளையார் கோயிலுக்கு எதுக்க ஆள் நடமாட்டமே இல்லையே. யாருக்கா பாக்கப் போறா?”

அங்கே வேப்பமர நிழல் இருக்கிறது, கலர் வெளுக்காது என்று சொன்னேன். தொழில் தெரிந்தவள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விஷயம் இதுதான். தென்பொதிகை சாதனையாளர் மன்றம் என்று ஒன்று, கஷ்டத்தில் பிறந்து முன்னுக்கு வந்த ஐந்து பெண்களுக்கு விருது தருகிறது. மகளிர் தினம் எட்டாம் தேதி. அன்றைக்கு மண்டபத்தில் யாருக்கோ கல்யாணம் என்பதால் எங்கள் மகளிர் தினம் பதினாறாம் தேதிக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

அம்மா காரில் போகும்போது ஃப்ளெக்ஸைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, “யாருட்டி அது, மாப்பிள்ளையோட அக்காவா?” என்று கேட்டாள். வயசு எழுபத்து நாலு. கண் ஆபரேஷன் நான்தான் பண்ணிவைத்தேன். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வி.

மத்தியானம் வழக்கம்போலக் கேரியர் போயிற்று. அந்தப் பிள்ளையார் கோயில் வாட்ச்மேனுக்கு அம்மா தினமும் சோறு அனுப்புகிறாள். பல் போன வயசாளி, ஆதரவில்லை என்றாள். சரி, புண்ணியம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். போன தீபாவளிக்கு அவருக்கு ஒரு காக்கிச் சட்டைகூட நானே வெட்டித் தைத்துக் கொடுத்தேன். பாகற்காய் வைத்தால் மட்டும் தொடுவதில்லை, அப்படியே திரும்பி வருகிறது. அடுத்த வீட்டுச் சோற்றில் இவ்வளவு நாக்கு.

மார்ச் 5, புதன்

இன்றைக்கு எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

மன்றத்துச் செயலாளர் சிதம்பரநாதன் சார் வந்திருந்தார். சர்க்கரை வியாதி என்று காப்பியைச் சீனி இல்லாமல் வாங்கிக்கொண்டு, ஜாங்கிரியை மூன்றாக எடுத்துக்கொண்டார். பிறகு நிகழ்ச்சியை விளக்கினார். விருதுக்கு முன்னால் பாதபூஜையாம். ஐந்து பேருடைய பெற்றோரையும் மேடையில் ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, தட்டில் கால் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, பூப்போட்டு விழுந்து கும்பிட வேண்டும். பள்ளிக்கூடங்களில் எல்லாம் இப்போது இதைச் செய்கிறார்கள். கூட்டம் கண்ணீர் விட்டு அழும். வீடியோ நன்றாக ஓடும்.

“அப்பா பேரு மேடம்?”

“அப்பா இல்ல.”

“அடடா. எப்ப காலமானாரு?”

“காலமாகல. இல்ல.”

அவருக்குப் புரியவில்லை. அம்மா மட்டும் வருவாள் என்றேன். அவர் நான்காவது ஜாங்கிரியைப் பார்த்தபடி யோசித்தார்.

“அது நல்லா இருக்காதுங்க. புருஷன் தவறிட்டாருன்னாலும் போட்டோவாச்சும் பக்கத்து நாற்காலில வைக்கலாம். இது ரெண்டுங்கெட்டான். மங்களகரமான மேடை. வேணும்னா சித்தப்பா சித்தி, பெரியப்பா பெரியம்மா, இப்படி யாராச்சும் ஜோடியா வரட்டுமே. அம்மா கீழ முன்வரிசைல உக்காரட்டும்.”

என்னை வளர்த்தவள் கீழே உட்கார வேண்டும். எங்களுக்கு ஒரு நாள் கஞ்சி ஊற்றாத சித்தப்பா மேடையில் காலை நீட்ட வேண்டும். இது மகளிர் தினம்.

என்னைப் பெற்ற அந்த மனுஷன், பேர் சங்கிலி, அவரைப் பற்றி இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறேன், அப்புறம் அந்தப் பேச்சே வேண்டாம். குடிகாரன். தெருமுனையில் வரும்போதே நிதானம் தெரிந்துவிடும். பஞ்சாலையில் மூட்டை சுமந்து இடது தோள் ஒருபக்கம் இறங்கிப் போயிருக்கும். ஆணியில் நழுவின காலண்டர் மாதிரி சாய்ந்துகொண்டே வருவார். எனக்குப் பத்து வயசு. ஒருநாள் அம்மாவின் தையல் மெஷினைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் வெறும் சைக்கிள் வந்தது. மறுவாரம் சைக்கிளும் வரவில்லை, அவரும் வரவில்லை. போனவர் போனவர்தான். அன்றைக்குப் பார்த்த முகம். அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை.

என் வீட்டுக்காரரிடம் பொருமினேன். “உன் இஷ்டம்மா” என்றார். கல்யாணத்தன்று தாலி கட்டும்போதும் இதையேதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

கோபத்தில் கழுத்துப் பட்டியைத் தலைகீழாக வெட்டிவிட்டேன். ஒரு லாட் நைட்டி முழுக்கப் பாழ். புது டிசைன் என்று சொல்லி ஈரோட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 8, சனி

அசல் மகளிர் தினம். யூனிட்டில் கேக் வெட்டினோம். இருநூறு பெண்களுக்கு ஒரு கேக். ஆளுக்கு ஒரு விரல் க்ரீம் கிடைத்தது. ஓவர்லாக் மெஷின் ஜெயக்கொடி மூக்கில் பூசிவிட்டு, “அக்கா, அன்னைக்கு நாங்க எல்லாம் ஒரே கலர் சேலைல வர்றோம். கைதட்டுறதுக்கு எங்களை விட்டா உங்களுக்கு ஆளு ஏது?” என்றாள். உண்மைதான். எனக்கு மட்டுமில்லை, மன்றத்துக்கும் ஏது.

சிதம்பரநாதன் சார் நான் பேச வேண்டியதை டைப் அடித்து அனுப்பியிருக்கிறார். ‘வறுமையே என் ஆசான்’ என்று ஆரம்பிக்கிறது. எனக்கு எரிந்துகொண்டு வந்தது. வறுமை எனக்கு எதைக் கற்றுக்கொடுத்தது? வயிற்றுவலியைக் கொடுத்தது. தலையில் பேனைக் கொடுத்தது. ஏழாம் வகுப்பில் என் பாவாடையின் முன்பக்கம் ஒரு நீலமும் பின்பக்கம் வேறு நீலமுமாக இருந்தது என்று டீச்சர் என்னை வராந்தாவில் நிற்கவைத்தார்கள். நான் நிற்கும்போது முன்பக்கம் தெரியும்படி நிற்கப் பழகியதுதான் வறுமையிடம் நான் கற்ற ஒரே பாடம். அந்த டீச்சரம்மா இப்போது நம் கடை நைட்டிதான் போடுகிறார்கள். முன்னும் பின்னும் ஒரே கலர்.

கற்றுக்கொடுத்தது அம்மா. மெஷின் போன பிறகு அடுத்தவர் தையல் கடையில் போய் மிதித்தாள். காலையில் கீரை விற்றுவிட்டு வந்து, விளக்கு வைக்கும்வரை மிதிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுப்பேன், கொக்கி கட்டுவேன். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. என் கண்மட்டத்துக்கு இருந்தது அவள் கால்தான். வீங்கின கணுக்கால், இரும்புப் பலகையில் மேலும் கீழும். இப்போதும் அம்மா என்று நினைத்தால் எனக்கு முதலில் கால்தான் ஞாபகம் வரும்.

அப்புறம் வெட்டுத்துணியை ஒட்டுப்போட்டு நான் முதல் நைட்டி தைத்தது, மூட்டை கட்டித் தெருத்தெருவாகப் போனது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. “பகல்ல இதப் போட்டுக்கிட்டு எவட்டி வெளிய வருவா?” என்று சிரித்தவர்கள் இன்றைக்குப் பால் வாங்க, ரேஷனுக்கு, பஞ்சாயத்துக்கு என்று அதிலேயே வருகிறார்கள். தோளில் ஒரு துண்டைப் போட்டால் நைட்டி கௌரவமான உடுப்பாகிவிடும் என்று கண்டுபிடித்த மகராசி யாரோ, விருதை அவளுக்குக் கொடுக்க வேண்டும்.

அம்மாவிடம் பாதபூஜையைப் பற்றி மெதுவாகச் சொன்னேன். மேடை, நாற்காலி, தட்டு எல்லாம்.

“என் காலையா? எல்லாருக்கும் முன்னாலயா?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்குப் போகிறவள் மாதிரி போய், ராக்குவிடம் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது: “பித்தவெடிப்புக்கு என்னமோ களிம்பு போடுவியே, அது என்னது?”

ராக்கு எங்கள் சமையல்காரி. அவள் வாயில் விழுந்தது ஊர்முழுக்கப் போயிருக்கும். இனி அம்மா மேடை ஏறாவிட்டால் நான் மனுஷியில்லை.

மார்ச் 10, திங்கள்

பத்து மணிக்குப் போன். சிதம்பரநாதன் சாருக்குக் குரலிலேயே மாலை விழுந்திருந்தது.

“மேடம், சந்தோஷமான சமாச்சாரம். உங்க அப்பாவக் கண்டுபிடிச்சுட்டோம். இங்கதான் இருக்காரு, பஸ் ஸ்டாண்டுப் பின்னால பிள்ளையார் கோயில்ல வாட்ச்மேனா. உங்க ஃப்ளெக்ஸுக்கு நேர் எதுக்கதான் அவரு கட்டில் போட்டுப் படுக்குறாரு. தினம் காலைல அதத் துண்டால தொடச்சு விடுறாராம். கோயில் பூசாரிதான் சொன்னாரு. ஜோடிப் பிரச்சினை தீர்ந்துச்சு.”

நான் போனை வைத்தேன். வைத்த இடம் அப்புறம் அரைமணி நேரம் அகப்படவில்லை. அதாவது, கோபத்தில்.

டிரைவர் மகாராசனைக் கூப்பிட்டேன். தினமும் கேரியர் கொண்டுபோகிறாயே, அந்த ஆள் யார் என்று உனக்குத் தெரியுமா என்றேன். அவன் காரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான்.

“தெரியும்க்கா.”

“ராக்குவுக்கு?”

“தெரியும்க்கா.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“தெருவுக்கே தெரியும்க்கா. உங்களுக்குத் தெரியாதுன்னு ஆச்சி சொல்லிருக்காக. அதான் நாங்களும் தெரியாதுன்னு வச்சிருக்கோம்.”

என் வீட்டில், என் அரிசியில், என் கேரியரில். நேராக அம்மாவிடம் போனேன். அவள் காலில் களிம்பைப் போட்டு, பிளாஸ்டிக் பையைச் சுற்றி உட்கார்ந்திருந்தாள்.

“மெஷினத் தூக்கிட்டுப் போன ஆளுக்குச் சோறு போடுறியாம்மா நீ?”

“ஆமா.”

“எத்தன வருஷமா?”

“மூணு வருஷம். கோயிலுக்குப் போனேன், நின்னுக்கிட்டிருந்தாரு. வயிறு ஒட்டிப் போயிருந்துச்சு.”

“நம்ம வயிறு ஒட்டிக் கெடந்தப்ப யாரு வந்தா?”

“யாரும் வரல. அதான் எனக்குத் தெரியும், அது எப்படி இருக்கும்னு.”

“எங்கிட்ட ஏன் மறைச்ச?”

அம்மா தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். “உனக்குத் தெரியாதாக்கும்” என்றாள்.

என்ன கேள்வி இது. எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தப் பக்கம் போகிறவளா? கோபத்தில் கதவைச் சாத்தினேன். அது தானாக மெதுவாக மூடுகிற கதவு. போன வருஷம் நான்தான் ஆசைப்பட்டு மாட்டினேன். கோபக்காரர்கள் அந்தக் கதவை வாங்கக் கூடாது.

மார்ச் 11, செவ்வாய்

கேரியர் போகக் கூடாது என்று ராக்குவிடம் சொன்னேன். “அப்ப ஆச்சியும் சாப்பிட மாட்டாகளாம்” என்றாள். ஒரு மணிக்குக் கேரியர் போனது. பாகற்காய் வைக்கச் சொன்னேன்.

மார்ச் 13, வியாழன்

சிதம்பரநாதன் சார் பட்டு வேட்டிப் பெட்டியோடு வந்தார். சங்கிலி ஐயாவிடம் பேசியாயிற்றாம். ‘அவக கூப்பிட்டா வாரேன்’ என்று சொன்னாராம். அம்மாவின் சம்மதம் ஒன்றுதான் பாக்கியாம். நடுக்கூடத்தில் அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, பழசையெல்லாம் மறந்து ஐயாகூட ஒரு அரைமணி நேரம் உக்காந்தீங்கன்னா போதும். ஊரே கண்கலங்கும்.”

“உக்கார மாட்டேன்.”

“தினமும் சோறு அனுப்புறீங்களேம்மா.”

“பசிச்சா நாய்க்கும்தான் வைக்கேன். அதுக்காக அதப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காரவச்சு மாலையா போடுதேன்?”

“அவரு இல்லாம உங்களத் தனியா மேடையில ஏத்த மன்றத்துல ஒத்துக்க மாட்டாங்க.”

“அப்ப நான் கீழயே இருக்கேன்.” பட்டாணித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நடக்கும்போது பார்த்தேன். குதிகாலில் வெடிப்பு பாதிக்குமேல் மூடியிருந்தது. ஐந்து நாளாகக் களிம்பு, பிளாஸ்டிக் பை, சுடுதண்ணீர். அந்தக் காலோடு கீழே இருக்கிறேன் என்கிறாள்.

நான் சொன்னேன்: “சார், அம்மா தனியா மேடையில உக்காருவாக. இல்லைன்னா எனக்கு விருது வேண்டாம். நான் வரலைன்னா எங்க யூனிட்டுப் பொண்ணுக இருநூறு பேரும் வர மாட்டாளுக. மத்த நாலு பேருக்கும் சேத்துக் கைதட்ட உங்க கமிட்டில எத்தன பேரு இருக்கீங்க?”

“பதினொண்ணு.”

“ஜாங்கிரி எடுத்துக்கங்க.”

அவர் எடுக்கவில்லை. கடைசியில், “ஒரு ஓரமாப் போட்டுருவோம்” என்றார். ஓரமோ நடுவோ, நாற்காலி மேடையில். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

மேடையில் நான்கு ஜோடி, எட்டு நாற்காலி. கடைசியில் எங்களுக்கு இரண்டு. ஒன்றில் அம்மா, கத்தரிப்பூக் கலர்ச் சேலையில். இன்னொன்று காலி. எடுக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நான் ஒரு ஏமாளி.

நாதஸ்வரம் கேசட்டில் வாசித்தது. நான் கீழே உட்கார்ந்து அம்மாவின் காலைத் தட்டில் வைத்தேன். நாற்பது வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் என் கண்மட்டத்தில் அந்தக் கால். வலது பெருவிரல் ஒருபக்கமாகத் திரும்பிவிட்டது, மிதித்து மிதித்து. தண்ணீரை ஊற்றினேன். எனக்கு எதுவும் தெரியவில்லை, எல்லாம் மங்கலாக இருந்தது. மண்டபத்தில் சாம்பிராணிப் புகை ஜாஸ்தி.

“சீக்கிரம் கழுவுட்டி, கூசுது” என்றாள் அம்மா.

அப்போது மைக்கில் சிதம்பரநாதன் சாரின் குரல். “அன்புள்ளங்களே, ஓர் இன்ப அதிர்ச்சி. பிரிந்த குடும்பம் இந்த மேடையில் இணைகிறது. வேலுத்தாய் அவர்களின் தந்தையார் நம்மிடையே வந்திருக்கிறார். பலத்த கரகோஷத்தோடு மேடைக்கு அழைப்போம்.”

வாசலிலிருந்து நடுவழியில் ஒருவர் வந்தார். பட்டு வேட்டி உடுத்தவில்லை. காக்கிச் சட்டை. தடுமாற்றம் இல்லாமல், ஆனால் ஒருபக்கம் சாய்ந்த மாதிரி நடை. மற்ற நான்கு குடும்பமும் கைதட்டியது. கேமராக்காரன் ஓடினான்.

அம்மா காலைத் தட்டிலிருந்து எடுத்தாள். ஈரக்காலைச் செருப்புக்குள் நுழைக்கப் பார்த்தாள். நான் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டேன்.

“விடுட்டி. அவரு உக்காரட்டும், நான் எறங்கிக்கிறேன்.”

“நீ எறங்காத.”

“நாற்காலியப் போட்டுட்டாகளே.”

என் சேலையில் பேசுவதற்காக ஒரு குட்டி மைக்கைக் குத்தியிருந்தார்கள். அது அவ்வளவு நேரமும் உயிரோடுதான் இருந்திருக்கிறது. நாங்கள் பேசியது மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கிறது. கைதட்டல் நின்றது. அப்புறம் நான் பேசியதும் கேட்டது: “இந்தக் கால்ல ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த எனக்கு அம்பது வயசு ஆயிருச்சு. நடுவுல எந்திரிச்சுப் போனா நான் உன்ன சும்மா விடமாட்டேன். சிதம்பரநாதன் சார், அந்த நாற்காலிய எடுங்க.”

யாரும் அசையவில்லை. பிறகு கீழே சரசர என்று சத்தம். ஜெயக்கொடி எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அந்த வரிசை, அதற்குப் பின்னால் அடுத்த வரிசை. இருநூறு பச்சைச் சேலையும் எழுந்து நின்றது. மேடையில் ஏறவில்லை, கத்தவில்லை, சும்மா நின்றார்கள். நான் இதுவரை கொடுத்த தீபாவளிப் போனஸ் எல்லாம் எனக்கு அந்த நிமிஷம் கம்மியாகத் தெரிந்தது.

அந்த மனுஷர் மேடைப் படிக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டார். நாற்காலியைப் பார்த்தார். நான் பிடித்திருந்த காலைப் பார்த்தார், முகத்தை அல்ல. சிதம்பரநாதன் சாரிடம், “கோயிலத் தொறந்து போட்டுட்டு வந்துட்டேன் சார். டூட்டி இருக்கு” என்று சொல்லித் திரும்பி நடந்தார்.

வாழ்க்கையில் முதல்தடவையாகச் சரியான நேரத்தில் ஓடிப்போனார்.

நாற்காலியைச் சிதம்பரநாதன் சாரே தூக்கிக்கொண்டு போனார். அம்மா மறுபடியும் காலைத் தட்டில் வைத்தாள். “தண்ணி ஆறிப்போச்சு” என்றாள்.

மார்ச் 17, திங்கள்

பேப்பரில் போட்டோ வந்திருக்கிறது. அம்மாவின் கால் தெளிவாக இருக்கிறது. என் முகத்தைச் சிதம்பரநாதன் சாரின் வயிறு மறைத்திருக்கிறது. பொன்னாடை மூன்று கிடைத்தது; இரண்டில் வேறு யாருக்கோ போர்த்திய சந்தன வாசனை.

எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த ஆள் கூப்பிட்டதும் வந்தாரே, என்ன தைரியம். நாற்பது வருஷம் கழித்து நடந்து வந்தால் நாற்காலி காத்திருக்கும் என்று நினைத்தாரே. எதையும் மன்னிக்கவில்லை என்று இந்தப் பக்கத்தில் தெளிவாக எழுதி வைக்கிறேன். எனக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவர் இந்த ஊரில் இருப்பதே போன திங்கட்கிழமைதான் எனக்குத் தெரியும்.

பால்பாண்டி வந்து, விழா முடிந்ததே, ஃப்ளெக்ஸை அவிழ்த்துவிடட்டுமா என்றான். இருக்கட்டும், மழைக்காலத்தில் பார்க்கலாம் என்றேன்.

மத்தியானம் கேரியர் கட்டும்போது அம்மா என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: “அந்தக் காக்கிச் சட்ட அவருக்கு அளவெடுத்துத் தச்சாப்புல உக்காந்துருக்கு. நான் அளவு ஒண்ணும் குடுக்கலையே உனக்கு.”

தையல்காரிக்கு எல்லா உடம்பும் ஒன்றுதான் என்றேன்.

இடது தோளை மட்டும் அரை இஞ்ச் இறக்கி வெட்டியிருந்தேன்.